மாப்பிள்ளைத் தொப்பி

சின்ன மீரான் அன்றைக்கு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். மகள் நர்கிஸின் நிச்சயத்துக்குத் திருச்சுழியிலிருந்து வந்திருந்த சம்பந்தி வீட்டார் வயிறாரச் சாப்பிட்டுவிட்டு, கிளம்பலாமா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்த நேரம் அது. யாரும் எதுவும் கேட்கவில்லை. அவராகத்தான் தொண்டையைச் செருமினார்.

"மாப்ளைக்கு உடுப்பு, செருப்பு, வாட்ச்சு எல்லாம் கடையில எடுத்துருவோம். தொப்பி மட்டும் எடுக்கப் போறதில்ல. அத என் கையால நானே பின்னித் தாரேன். நிக்காஹ் அன்னைக்கு அவுக தலையில அதுதான் இருக்கணும்."

"மாஷா அல்லாஹ்!" என்றார் சம்பந்தி. பொழுது சாய்வதற்குள் அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பாளையம்பட்டியில் அந்தத் தெரு முழுக்கச் செய்தி போய்ச் சேர்ந்துவிட்டது. அடுப்படியில் இருந்த அவர் மனைவி மீரான் பீவி மட்டும், "இவுகளுக்கு இது தேவையா?" என்று கையிலிருந்த கரண்டியிடம் கேட்டாள். கரண்டிக்குப் பதில் தெரியவில்லை.

வெறும் சவடால் என்று நினைத்துவிட வேண்டாம். மனிதருக்கு வேலை தெரியும். இருபது வருஷத்துக்கு மேல் அரபு நாட்டில், தம்மாமில் ஏ.சி. மெக்கானிக்காக இருந்தவர். கோடையில் உச்சிவெயில் நேரத்தில் யாரையும் வெளிவேலை வாங்கக் கூடாதென்று அந்த நாட்டில் சட்டம். மொட்டைமாடியில் ஏ.சி. மாட்டுகிறவர்கள் அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பிப் படுத்துக் கிடப்பார்கள். பக்கத்துக் கட்டிலில் ஒரு வங்காளதேசத்துக்காரர் மட்டும் படுக்காமல், கொக்கி ஊசியும் வெள்ளை நூலுமாகத் தொப்பி பின்னிக்கொண்டிருப்பார். பார்த்துப் பார்த்துச் சின்ன மீரானும் கற்றுக்கொண்டார். உச்சந்தலைக்கு ஒரு சின்ன வளையம். அதைச் சுற்றிச் சுற்றி வட்டம். வட்டம் அகலமானதும் பக்கச்சுவரை இறக்க வேண்டும். கடைசிக் கண்ணியை முடிச்சிட்டு நூலை அறுத்தால் தொப்பி. அந்தக் கட்டடத்தில் பாதிப் பேர் அவர் பின்னிய தொப்பியோடுதான் தொழப் போனார்கள்.

ஆனால் மாப்பிள்ளைத் தொப்பி என்று அவர் பிடிவாதம் பிடித்ததற்கு வேறு காரணம் இருந்தது. நர்கிஸ் பிறந்தபோது அவர் ஊரில் இல்லை. அவள் நடை பழகியபோது இல்லை. பள்ளிக்கூடத்தில் சேர்த்தபோதும், டைபாய்டு வந்து கிடந்தபோதும், காலேஜ் முடித்துச் சான்றிதழ் வாங்கியபோதும் இல்லை. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார், போவார். அவள் காதில் கிடப்பது, கையில் கிடப்பது, உடுத்துவது எல்லாம் அவர் அனுப்பிய பணத்தில் வந்தவைதான். தன் கையால் செய்து கொடுத்தது என்று ஒரு துரும்பு கிடையாது. இந்த வருஷம் நோன்புக்கு முன்னால், போதும் என்று ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்து பார்த்தால், கல்யாணம் பேசி முடிக்கிற வயதில் ஒரு பெண் எதிரே நின்று, "சாப்டீங்களா அத்தா? ஒடம்புக்குப் பரவால்லயா?" என்று வீடியோ காலில் கேட்பதுபோலவே கேட்டாள். கேட்டுவிட்டுப் போனை வைப்பதுபோல உள்ளே போய்விட்டாள். விருந்தாளிக்குக் கொடுக்கிற மரியாதை அது. இந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போவதற்குள் ஏதாவது ஒன்றை நம் கையால் செய்து கொடுத்துவிட வேண்டும் என்று தவித்தார். அந்தத் தவிப்புத்தான் நிச்சயத்தன்று வாய்வழியாக வெளியே வந்து விழுந்தது.

நூலும் ஊசியும் தயார். கத்திரி வெயிலும் தயாராக இருந்தது.

வெறும் வெயில் என்றால் அருப்புக்கோட்டைக்காரர்கள் பயப்பட மாட்டார்கள். காய்கிற வெயில் எங்களுக்குப் பிறந்ததிலிருந்து பழக்கம். இந்த வருஷம் வந்தது வேறு மாதிரி. காலையில் மேகம் கூடும். இதோ கொட்டப் போகிறது என்று கொடியில் கிடந்த துணியை எல்லாரும் எடுப்பார்கள். ஒரு பொட்டு விழாது. மேகம் அப்படியே மூடிக்கொண்டு நிற்கும். ஊர் முழுக்க இட்லிப் பானைக்குள் உட்கார்ந்திருப்பதுபோல ஒரு புழுக்கம். குளித்துவிட்டு வந்து துவட்டினால், துவட்டத் துவட்ட வேர்க்கும்.

சின்ன மீரான் ஜன்னலோரம் உட்கார்ந்து முதல் வளையத்தைப் போட்டார். நாலு கண்ணி போடுவதற்குள் ஊசி விரலில் வழுக்கியது. நூல் ஈரமாகி, வெள்ளை மங்கி, டீக்கடைத் துண்டின் நிறத்துக்கு வந்தது. வழுக்குகிறதே என்று இறுக்கிப் பிடித்தார். இறுக்கிப் பிடித்ததில் கண்ணிகள் சுருங்கின. சாயங்காலம் எடுத்துத் தலையில் வைத்துப் பார்த்தால், முட்டைக்கு உறை போட்டதுபோல உச்சியில் நின்றது. பிரித்தார். மறுநாள் மறுபடி போட்டார். மறுபடி பிரித்தார். கையில் முகப் பவுடரைக் கொட்டிக்கொண்டு பார்த்தார்; அது வேர்வையோடு சேர்ந்து மாவாகி, ஊசி முழுக்கக் களி பூசியது.

"அங்க மூணே நாள்ல ஒரு தொப்பி முடிப்பேன். இப்ப என்னடா ஆச்சு இந்தக் கைக்கு?" என்று நண்பர் அருஞ்சுனையிடம் புலம்பினார். அருஞ்சுனை நூல், பட்டன், ஜிப் விற்கிற கடைக்காரர். பள்ளிக்கூடத்து நாளிலிருந்து கூட்டாளி.

"ஏலே மீரானு, அங்க நீ எங்க ஒக்காந்து பின்னுன?"

"ரூமுலதான்."

"ரூமுல ஏ.சி. ஓடுமா?"

ஆயிரம் ஏ.சி. மாட்டிய மெக்கானிக்குக்கு அது இத்தனை நாள் உறைக்கவில்லை. அவர் கை பழகியதெல்லாம் குளிரில். இந்தக் கை வெயிலில் ஒரு கண்ணிகூடப் பின்னியதே இல்லை.

"அப்ப வீட்ல ஒண்ணு மாட்ட வேண்டியதுதானல. ஊருக்கெல்லாம் மாட்டுனவன்தான நீ?"

"அது மட்டும் முடியாது. ஜன்னல அடச்சு அடச்சு இருபது வருசம் இருந்துட்டேன். இனி இருக்க மாட்டேன்" என்றார். வந்த அன்றே போட்ட சபதம் அது. நல்ல சபதம்தான், கார்த்திகை மாதத்தில் போட்டிருந்தால்.

ஆனாலும் ஆசை விடவில்லை. ஒருநாள் பையில் நூலைப் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போனார். அங்கே ஒரு ஏ.டி.எம். உள்ளே குளிர் நன்றாக வீசியது. சுவரில் சாய்ந்து நின்று ஊசியை எடுத்தார். ஆஹா, கை ஓடியது! ஒரு சுற்று முடிவதற்குள் வெளியே வரிசை சேர்ந்துவிட்டது. கண்ணாடிக் கதவைத் தட்டி ஒரு அம்மாள், "ஏன்ணே, மிஷின்ல நூலா வருது?" என்றாள். அன்றோடு அந்த வழியும் அடைபட்டது.

மே மாதம் பாதி போயிருந்தது. நிக்காஹ் மாசக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. இதுவரை கையில் இருந்தது ஒரு ரூபாய் அகலத்துக்கு ஒரு வட்டம். சின்ன மீரான் அதைத் தூக்கி அலமாரியில் வைத்துவிட்டு, மத்தியானங்களில் நடுவீட்டுத் தரையில் படுக்க ஆரம்பித்தார். மீரான் பீவி தண்ணீர் தெளித்துத் துடைத்துவிட்டிருப்பாள். சிமெண்டுத் தரை முதுகுக்குச் சில்லென்று இருக்கும். ஃபேனுக்கு நேர் கீழே அவர். அடுப்படி நிலைப்படிப் பக்கம் மீரான் பீவி. சுவரோரம் நர்கிஸ், தலைக்குக் கையை வைத்துக்கொண்டு. அந்த வீட்டில் மூன்று பேரும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் சும்மா கிடந்தது இதற்கு முன்னால் எப்போது என்று அவரால் யோசித்துப் பார்க்க முடியவில்லை.

அப்படி ஒரு மத்தியானம் தெருவில் விசைத்தறிச் சத்தம் பட்டென்று நின்றது. ஃபேனும் நின்றது. கரண்டு போய்விட்டது. வேலை ஓடாத வருத்தத்தில் இருந்த சின்ன மீரானுக்கு எரிச்சலாக வந்தது.

"போன தடவ லீவுல வந்தப்பவே இன்வெர்ட்டர் மாட்டியிருக்கணும். எல்லாத்தையும் முடிச்சேன், அத மட்டும் விட்டுட்டேன்" என்று முனகினார்.

சுவரோரத்திலிருந்து நர்கிஸின் குரல் வந்தது.

"அத்தா, ஒண்ணு சொன்னா வைய மாட்டீகளே?"

"சொல்லும்மா."

"நான் அஞ்சாப்பு படிக்கையில லீவுக்கு வந்தீகளே, அப்ப ஸ்க்ரூ டிரைவரக் காணோம்னு அம்மாவ அந்த ஏச்சு ஏசுனீக. ஞாபகம் இருக்கா?"

இருந்தது. கடைசி வரை கிடைக்காமல், கதவுக் கொண்டியை மாட்டாமலே விமானம் ஏறினார்.

"அத நாந்தான் அரிசி டின்னுக்குள்ள போட்டேன்."

"எதுக்கும்மா?"

"நீங்க வந்த ஒடனே வீட்டச் சுத்திப் பாத்து, கொழாய் ஒழுகுது, ஃபேனு கத்துது, கொண்டி லூசுன்னு ஒண்ணொண்ணா சரி பண்ணுவீக. எல்லாம் முடிஞ்ச மறுநாளு பொட்டி கட்டுவீக. வேல முடிஞ்சதுனாலதான் போறீகன்னு நெனச்சேன். அது இல்லேன்னா வேல முடியாதுல்ல?"

தூங்குகிறாள் என்று அவர்கள் நினைத்திருந்த மீரான் பீவி எழுந்தே உட்கார்ந்துவிட்டாள். "அடிப்பாவி! நீ ஒளிச்சு வச்சதுக்கா நான் அந்தப் பாட்டு வாங்குனேன்?"

நர்கிஸ் சிரித்தாள். மீரான் பீவியும் சிரித்தாள். சின்ன மீரானால் சிரிக்க முடியவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதார். இத்தனை வருஷம் போனில் எத்தனை மணி நேரம் பேசியிருப்பார்கள். அதிலெல்லாம் வராத பேச்சு, கரண்டு போன ஒரு புழுக்கமான மத்தியானத்தில் தரையில் படுத்துக் கிடந்ததால் வந்தது. தொப்பி வேலை தடையில்லாமல் ஓடியிருந்தால் அவர் ஜன்னலோரம் தலையைக் குனிந்து உட்கார்ந்திருப்பார், இந்தப் பிள்ளை, "சாப்டீங்களா அத்தா?" என்று கேட்டுவிட்டுப் போயிருக்கும்.

அதற்குப் பிறகு மத்தியானம் எப்போது வரும் என்று அவர் எதிர்பார்க்க ஆரம்பித்துவிட்டார். நர்கிஸ்தான் அலமாரியிலிருந்து அந்த வட்டத்தை எடுத்துவந்து அவர் மடியில் வைத்தாள். "நாலு கண்ணி போடுங்க போதும். நான் விசிறுறேன்" என்று காலண்டர் அட்டையை எடுத்துக்கொண்டு எதிரே உட்கார்ந்தாள். முகத்துக்கு விசிறவில்லை, அவர் கைக்கு விசிறினாள். நாலு கண்ணி போடுவார், துண்டில் கையைத் துடைப்பார், எதையாவது சொல்வார். மணல்காற்றில் எதிரே நிற்பவன் முகம் தெரியாமல் போவதைச் சொன்னார். பெருநாள் அன்று அறையில் ஆறு பேர் சேர்ந்து ஒரு கோழியைக் கருக்கிய கதையைச் சொன்னார். அவள், காலேஜ் பஸ்ஸில் தன் செருப்பு மட்டும் இறங்காமல் விருதுநகர் வரை போய்வந்த கதையைச் சொன்னாள். மாப்பிள்ளை அஃப்ரீத் பற்றியும் சொன்னாள். திருச்சுழியில் செல்போன் கடை வைத்திருக்கிற பையன், போனில் பேசும்போது இடையில் வாடிக்கையாளர் வந்தால், "டிஸ்ப்ளே போச்சு" என்று அவரிடம் சொல்ல வேண்டியதை இவளிடமே சொல்லிவிடுவானாம். சின்ன மீரான் ஊசியைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார்.

தொப்பி நத்தையைப்போல ஊர்ந்தது. அவர் கவலைப்படவில்லை. இன்னும் சொன்னால், அது ஓடிவிடக் கூடாதே என்றுதான் இருந்தது.

ஆனால் காலண்டர் சும்மா இருக்குமா? அட்டை விசிறியாகப் போனாலும் தேதி போய்க்கொண்டே இருந்தது. நிக்காஹுக்கு முந்தின நாள் பார்த்தால், உச்சி வட்டம் முழுசாக முடிந்திருந்தது. பக்கச்சுவர் ரெண்டு விரல் உயரம்கூட இல்லை. வீடு முழுக்கச் சொந்தக்காரர்கள், பந்தல்காரர், சமையல்காரர். இனிமேல் ஒரு கண்ணி போட வழியில்லை. மகளோடு கழித்த மத்தியானங்களை அவர் எதற்காகவும் விட்டுக்கொடுக்கத் தயாரில்லைதான். ஆனாலும் ஊரறியச் சொன்ன சொல் அது. சம்பந்தி அதை நம்பித்தானே இருந்தார். நாளைக்கு எந்த முகத்தோடு எதிரே உட்காருவது? அதைவிடப் பெரிய வருத்தம் இன்னொன்று. நாளையோடு அவள் திருச்சுழிக்காரி. கட்டிக்கொடுத்த வீட்டு வாசலில் தகப்பன் காரணம் இல்லாமல் போய் நிற்க முடியுமா? பெருநாளைக்கு ஒரு தடவை, நல்லது கெட்டதுக்கு ஒரு தடவை. மறுபடி லீவில் வந்து போகிறவர் கணக்குத்தான்.

அருஞ்சுனைதான் பஜாருக்குப் போய் ஒரு தொப்பி வாங்கி வந்தார். கடையில் தன் தலையிலேயே போட்டு அளவு பார்த்தாராம். "கடைக்காரன் சலாம் சொன்னாம்ல, நானும் பதிலுக்குச் சொல்லிட்டு வந்துட்டேன்" என்றார். நல்ல தொப்பி. வெள்ளை வெளேரென்று, ஓரத்தில் சரிகை வைத்தது. சின்ன மீரான் அதை மாப்பிள்ளை உடுப்புத் தட்டில் வைத்தார். தன் பாதித் தொப்பியின் கடைசிக் கண்ணி நழுவாமல் ஒரு ஊக்கைக் குத்தி, நூல்கண்டோடு அலமாரியில் துண்டுகளுக்கு அடியில் தள்ளினார்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் ஆறு பெரிய ஃபேன்கள் சுடுகாற்றை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் தள்ளிக்கொண்டிருந்தன. நடுவில் நிக்காஹ் நடத்திவைக்கிற ஹஸ்ரத். ஒரு பக்கம் பெண்ணுக்குப் பொறுப்பான தகப்பனாகச் சின்ன மீரான். எதிரே மாலையும் கழுத்துமாக அஃப்ரீத். சின்ன மீரான் தலையை நிமிர்த்தவே இல்லை. சம்பந்தியின் கண்ணைப் பார்க்கக் கூச்சம்.

ஹஸ்ரத் ஓத வாயெடுத்தவர் நிறுத்தினார். மாப்பிள்ளையின் காதுப் பக்கம் குனிந்து பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"என்ன மாப்ளே இது? செல்போன் கட வச்சிருந்தா, நிக்காஹ்லயும் காதுல ஒயர மாட்டிக்கிட்டா ஒக்காருவீக?"

மண்டபம் முழுக்கக் கழுத்தை நீட்டியது. சின்ன மீரானும் அப்போதுதான் நிமிர்ந்தார். மாப்பிள்ளையின் காதுக்குப் பின்னால் வெள்ளையாக ஒன்று இறங்கி, மாலைக்குள் நுழைந்து, சட்டைப் பைக்குள் போயிருந்தது.

"ஐயோ, ஒயரு இல்ல ஹஸ்ரத்! நூலு" என்று அஃப்ரீத் பைக்குள் கையை விட்டு எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு நூல்கண்டை எடுத்துக் காட்டினான்.

அவன் தலையில் இருந்தது சரிகைத் தொப்பி இல்லை. பாதிச் சுவரோடு, லேசாக மங்கிய வெள்ளையில், ஓரத்தில் ஊக்குக் குத்திய தொப்பி. மாப்பிள்ளையின் அக்கா உடுப்புத் தட்டை வாங்க வந்தபோது, நர்கிஸ் அலமாரியைத் துழாவி எடுத்து, அவள் கையில் கொடுத்தனுப்பியிருக்கிறாள்.

யாரோ சிரித்தார்கள். யாரோ, "பிளேடு இருந்தா குடுங்கப்பா, நூல அறுத்து விட்ருவோம்" என்றார்கள். சின்ன மீரானுக்கு உடம்பெல்லாம் கூசியது. இடத்தை விட்டு எழுந்து, மாப்பிள்ளையின் பக்கம் போய்க் குனிந்து, அந்த நூலைப் பிடித்தார். பல்லாலேயே கடித்து அறுத்துவிட வேண்டும் என்றுதான் போனார். அஃப்ரீத் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

"வேணாம் மாமா. அறுக்க விடக் கூடாதுன்னு நர்கிஸ் சொல்லி அனுப்புச்சு."

"பாதியில நிக்கிது மாப்ளே. நாலு பேரு பாக்க நல்லாவா இருக்கு?"

"பாதியாவே இருக்கட்டும். முடிஞ்சுட்டா நீங்க வர மாட்டீகளாம். மிச்சத்த எங்க வீட்டுக்கு வந்துதான் பின்னணுமாம். மத்தியானம் மத்தியானம் வரணுமாம்."

சின்ன மீரான் நூலை விட்டுவிட்டு, பெண்கள் பக்கத்துத் திரையைத் திரும்பிப் பார்த்தார். சம்பந்தி தன் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னார்:

"தாராளமா வாங்க சம்பந்தி. நம்ம வீட்லயும் ஏ.சி. கெடையாது."

மண்டபமே சிரித்தது. ஹஸ்ரத்தும் சிரித்துவிட்டு, "சரி, நூலு அப்படியே இருக்கட்டும். ஒக்காருங்க, நேரமாச்சு" என்றார். நிக்காஹ் முடிந்தது. துஆவுக்காக எல்லாரும் கையேந்தினார்கள். எல்லாரும் மணமக்களுக்காகக் கேட்டார்கள். சின்ன மீரானும் கேட்டார். கேட்டு முடித்த பிறகும் அவர் கையை இறக்கவில்லை. யா அல்லாஹ், இந்த வருஷம் இவ்வளவு புழுக்கத்தைக் கொடுத்தாயே, என் கையை ஓட விடாமல் பண்ணினாயே, உனக்கு நான் எப்படி நன்றி சொல்வேன் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தார். கண்ணீரும் வேர்வையும் சேர்ந்து தாடியில் இறங்கின.

பந்தியில் மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்த சின்ன மீரான், முதல் கவளத்தை எடுப்பதற்கு முன்னாலேயே குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"மாப்ளே, மத்தியானம் லுஹர் தொழுதுட்டுக் கெளம்புனா, திருச்சுழிக்கு எத்தன மணிக்கு பஸ்ஸு?"